பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைத் திறந்து சுத்தம் செய்வது எப்படி: துப்புரவு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் துப்புரவு வேலைக்கு வந்தால் இரண்டு விதமான வேலை கிடைக்கும். ஒன்று, தினமும் ஆள் புழங்கும் இடம்: ஓட்டலாக மாற்றிய பழைய வீடு, பள்ளிக்கூடம், வங்கி, மண்டபம். இன்னொன்று, வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் போடும் சடங்கு) கோயில் திருவிழாவுக்கோ மட்டும் திறக்கும் பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது. புதியவர்களுக்கு ஆபத்து அதிகம் இங்கேதான் என்பதால் இந்த வீட்டை வைத்தே சொல்கிறேன். மருந்து, ஏணி, கரண்ட் பற்றிச் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

இந்த வேலையில் உடம்பு கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். கையுறை, மாஸ்க் எல்லாம் கட்டாயம் வேண்டும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தப்பிப்போனால் கையுறை போட்டும் பிரயோஜனம் இல்லை. விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்பு செய்யும் வேலைதான் உங்களைக் காப்பாற்றும்.

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே கேளுங்கள்

வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்தால், கல்யாணத்துக்கு 2 நாள் இருக்கும்போது சாவியைக் கொடுத்து "நாளைக்குள்ள முடிச்சிருங்க" என்பார்கள். கூலியைப் பேசும்போதே, வீட்டைத் திறந்து காற்றாட விட ஒரு நாள் தனியாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நாளுக்குப் பாதிக் கூலி கிடைத்தாலும் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கூடவே கேட்க வேண்டியவை: வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது? எந்த அறையில் வௌவால் அடைகிறது? கரையான் மருந்தோ எலி மருந்தோ எங்கே வைத்தார்கள், எப்போது வைத்தார்கள்? மெயின் சுவிட்ச் எங்கே? கையுறை, மாஸ்க், ஏணி யார் தருவது? எலி மருந்துக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெல்லும் தானியமும் கிடந்த அறையில் வண்டுக்கும் எலிக்கும் சாம்பல் நிற மாத்திரை வைத்திருப்பார்கள். அது ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் அந்த அறைக்குள் போகாதீர்கள். தண்ணீர் தெளிக்கவும் கூடாது. வாடை தெரியவில்லை என்பதால் மட்டும் வாயு இல்லை என்றும் ஆகிவிடாது. அந்த மாத்திரை வைத்த அறையைக் காற்றாட விடுவதும் மிச்சத்தை எடுப்பதும் மருந்து வைக்கத் தெரிந்தவர்களின் வேலை.

முதல் ஒரு மணி நேரம்: இரண்டு வாசலையும் திறங்கள்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போய், எல்லா வாசல் நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். கட்டியவர்கள் காற்றுக்காகச் செய்த ஏற்பாடு அது. முதலில் முன்கதவைத் திறங்கள். பிறகு உள்ளே நடந்து போகாமல், அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்து பின்கதவைத் திறங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் மாஸ்க் போட்ட ஒருவர் மட்டும், டார்ச்சோடு, நேராக நடந்து போய்த் திறந்துவிட்டு அந்த வழியாகவே வெளியே போகட்டும். இரண்டு பக்கமும் திறந்தால் முற்றத்தின் வழியாக வெக்கை மேலே போகும், காற்று ஓடும். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

வேலை முடியும்வரை இரண்டு கதவும் திறந்தே இருக்கட்டும். மாடு வரும், நாய் வரும் என்று வாட்ச்மேன் பின்கதவைச் சாத்தப் பார்ப்பார். ஒரு தட்டியை வைத்து மறையுங்கள், பூட்ட மட்டும் விடாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் ஓடுவதற்கு வழி வேண்டும். இந்தச் சுவர்களின் கனத்துக்கு உள்கட்டில் போன் சிக்னலும் கிடைக்காது. எந்த இடத்தில் சிக்னல் வருகிறது என்று அப்போதே பார்த்து எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

பிறகு எதையும் தொடாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். நனைந்து தொங்கும் மச்சு, ஆடும் படிக்கட்டு, உடைந்த கண்ணாடி, திறந்து கிடக்கும் ஒயர், குளவிக் கூடு. எந்த அறைக்கு முதலில் போவது, எதற்குப் போகவே கூடாது என்று அப்போது தெரிந்துவிடும். மேல் கூரையில் தேன்கூடு இருந்தால் புகை போட்டுக் கலைக்கும் வேலையில் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொன்னால் வருவார்கள்.

வௌவால் அறை

பெட்டக அறையிலோ மாடியிலோ வௌவால் அடைந்திருந்தால் நுழையும்போதே தெரியும். மூக்கை அறுக்கும் நெடி, தரையில் கறுப்பாக அரிசி உதிர்ந்த மாதிரி எச்சம், சுவரில் மஞ்சள் கோடு. புறா அடைந்த இடத்தில் எச்சம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். இந்தக் காய்ந்த எச்சத்தில் பூஞ்சை வளரக்கூடும். விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்தாலே அதன் வித்துகள் தூசோடு எழும்பி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று சில நாள் கழித்து வரும்போது, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றாது.

அதனால் இந்த அறையில் விளக்குமாறு தொடக் கூடாது. செய்யும் முறை இது:

1. என்95 மாஸ்க் போடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வதும், ஆஸ்பத்திரியில் தரும் நீல மாஸ்க்கும் இந்தத் தூசைத் தடுக்காது. இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்தி, பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி வைத்தவர்களுக்கு மாஸ்க் ஒட்டி உட்காராது, அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்.

2. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு. தலைக்குத் துணி.

3. செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டாம். சோப்புத் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து எச்சத்தை நன்றாக நனையவிடுங்கள். குழாயை வைத்துப் பீய்ச்சினால் தூசு எழும்பும். இருபது நிமிஷம் ஊறட்டும்.

4. ஈரமாக இருக்கும்போதே முறத்தாலும் தகட்டாலும் அள்ளி, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போடுங்கள். காயத் தொடங்கினால் மறுபடி தெளியுங்கள்.

5. தரையை ஈரத் துணியால் துடைத்த பிறகுதான் கிருமிநாசினி. எச்சமும் மூத்திரமும் கிடக்கும்போதே மேலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். மூத்திரத்தில் உள்ள அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் புகை வரும்.

6. வெளியே வந்து முதலில் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவுங்கள். மாஸ்க் கடைசி.

விழுந்து கிடக்கும் வௌவாலை, செத்ததாக இருந்தாலும், வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கணுக்கால் ஆழத்துக்கு எச்சம் குவிந்த அறை புதியவர்களின் வேலை இல்லை. அதற்கான கருவியும் அனுபவமும் உள்ளவர்கள் வரட்டும்.

ஆசிட்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்

டிவிஎஸ் 50-இல் ஆசிட், பினாயில் விற்றுக்கொண்டு வருபவரிடம் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைத்திருப்பதுதான் பல இடங்களில் பழக்கம். அதில் ஒட்டிய தாள் இருக்காது, எவ்வளவு காட்டம் என்று தெரியாது. தாகத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் என்று எடுத்துக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். எந்த மருந்தையும் குடிநீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். கடையில் லேபிளோடு வாங்குங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றியே தீர வேண்டும் என்றால் பேரையும் தேதியையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் ஆசிட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் வார்த்து எடுப்பது. அதன் மேல் ஆசிட் பட்டால் நுரை பொங்கும், ஓசை கேட்கும், பூவின் ஓரம் அரித்து வெளுத்துவிடும். திரும்ப வராது. மார்பிளுக்கும் அதே கதி. சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதி. நம் நெஞ்சு எரியும் என்று சொன்னால் கேட்காத வீட்டிலும் கல் கெடும் என்றால் கேட்பார்கள். மரியாதையாக இப்படிச் சொல்லலாம்: "ஆச்சி, இதுக்கு ஆசிட் ஆகாது. கல்லுல பூவு போயிரும். சோப்புத் தண்ணியில ரெண்டு தடவ தொடச்சுத் தர்றோம், பாருங்க." பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் புளியும் சபீனாவும் போதும்.

ஆசிட் கலந்த மருந்து தேவைப்படுவது கழிப்பறைப் பீங்கானுக்கு மட்டும். அங்கேதான் பெரிய விபத்தும் நடக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் கேட்பது, "ரெண்டையும் கலந்து ஊத்துனா சீக்கிரம் போகும்ல அக்கா?" கலக்கவே கூடாது. கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனம். தரையோடு தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவருடைய முகத்துக்கு நேராக நிற்கும். ஒன்றை ஊற்றித் தேய்த்தால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தாமல் இருப்பது இன்னும் நல்லது.

தெரியாமல் கலந்துவிட்டால், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, மற்றவர்களையும் வெளியே அழையுங்கள். மூச்சுத் திணறினால் 108. அப்போதைக்குச் சரியானது போலத் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் நன்றாக மூச்சில் ஏறியவரை ராத்திரி தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம், இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். அந்தப் 15 நிமிஷம் ரொம்ப நீளமாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் மணி பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியாக மேலே ஏறும்போதும் தொண்டை இன்னொரு முறை வெந்துபோகும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீர் கலக்கும் மருந்து எதுவானாலும் முதலில் வாளியில் தண்ணீர், அதில் மருந்து. பிளீச்சிங் பவுடரைக் குளிர்ந்த நீரில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும், வெட்டவெளியில் கரையுங்கள்.

ஏணி

உயரமான தூண், நிலைக்கு மேலே மரவேலை, தொங்கும் சரவிளக்கு. ஒட்டடைக் கம்பு எட்டுகிற இடத்துக்கு ஏணி போடாதீர்கள். போட்டால், சாய்ப்பு ஏணிக்கு 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். ஆத்தங்குடித் தளம் வழவழப்பு. சில வீடுகளில் மெருகுக்குத் தேங்காயெண்ணெய் வேறு தடவித் துடைப்பார்கள். ஏணிக்காலில் ரப்பர் இல்லாவிட்டால் ஏறக் கூடாது, கீழே ஒருவர் பிடிக்காமலும் ஏறக் கூடாது. இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். வாளியைக் கீழிருந்து கயிற்றில் ஏற்றுங்கள். புடவை கட்டியவர்கள் முந்தானையையும் கொசுவத்தையும் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் அல்லது பேன்ட் போட்டவர் ஏறினால் இன்னும் நல்லது.

ஐப்பசி மழைக்குப் பிறகு பாசி பிடித்த ஓட்டின் மேல் யாரும் ஏற வேண்டாம். பழைய ஓட்டுக்குக் கீழே சட்டம் உளுத்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

கரண்ட்

பழைய வீடுகளில் ஒயர் சுவரில் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடும், எர்த் இருக்காது. ஃபேன், விளக்கு, சுவிட்ச் போர்டு துடைக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினை இறக்குங்கள். இறக்கிய இடத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள், அல்லது "ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதித் தொங்கவிடுங்கள். ஈரக்கையோடு பிளக் தொடக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடுவதற்கு முன் மெயின்.

பாம்பு, தேள், எலி

அடுக்கிய விறகு, பழைய பாய், அண்டாவுக்கு அடியில், அடுப்படி மூலை. கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்றி வைத்த செருப்பையும் கையுறையையும் உதறிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். மந்திரிக்கப் போகும் நேரத்தில் உயிர் போய்விடும். பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சிவப்புத் தேள் கொட்டியதையும் சாதாரணமாக விடாதீர்கள். உடம்பு வேர்த்து ஒழுகினால், நெஞ்சு படபடத்தால் உடனே ஆஸ்பத்திரி.

எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு, ஆறாத புண்ணோடு நிற்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

கை, முதுகு, வெயில்

20 லிட்டர் வாளி நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல். பாதி வாளி எடுத்து இரண்டு நடை போங்கள். தூக்கும்போது முழங்கால் மடங்கட்டும், இடுப்பைத் திருப்பாதீர்கள். மாப் கம்பு உங்கள் தாடை உயரத்துக்காவது இருந்தால் முதுகு வளையாது. கல்யாண அண்டாவை ஒற்றை ஆளாக நகர்த்தக் கூடாது.

நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும் கை வெடித்து, அரித்து, கடைசியில் சோறு பிசையவே முடியாத நிலைக்கு வரும். கையுறையைத் தொடர்ந்து மணிக்கணக்கில் போட்டிருந்தால் உள்ளே வேர்த்து அதுவும் புண்ணாகும். இடையிடையே கழற்றிக் கையைத் துடைத்து உலர விடுங்கள். மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அதன் அடியில்தான் சோப்பு தங்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிப் படுங்கள்.

சித்திரை, வைகாசியில் மாடி வேலையை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறை வசதி இல்லை என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வதைப் பார்க்கிறேன். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான். கழிப்பறை திறந்துவிட வேண்டும் என்று கூலி பேசும்போதே பேசுங்கள். கேட்கக் கூசவேண்டிய விஷயமே இல்லை இது.

செப்டிக் டேங்க், கிணறு: இறங்காதீர்கள்

"அப்படியே அந்தத் தொட்டியையும் பாத்துவிட்டுருங்க, தனியா தந்துர்றேன்" என்று கடைசியில் ஒரு பேச்சு வரும். எவ்வளவு தந்தாலும் இறங்காதீர்கள், எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். மேலே நிற்பவர் செய்ய வேண்டியது, இறங்காமல் 101-க்கும் 108-க்கும் போன் போடுவது.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. உறிஞ்சு வண்டிக்கு 14420-இல் கேட்கச் சொல்லுங்கள். தூர்ந்த கிணற்றிலும் பிராணவாயு குறைந்திருக்கும். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம், அதை நம்ப வேண்டாம்.

ஆளும் காப்பும்

பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், பெண்கள் நிச்சயமாகப் போக வேண்டாம். எந்த வீடு, எந்தத் தெரு, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது தப்பாக நடந்தால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களும் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஓட்டலிலோ ஒப்பந்தக்காரரிடமோ 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று கேளுங்கள். தனி வீடுகளில் வேலை செய்பவர்கள் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். விபத்து உதவியும் பிள்ளைகளின் படிப்பு உதவியும் பதிந்தவர்களுக்குத்தான்.

வேலை முடிந்த பிறகு

சாப்பிடுவதற்கு முன், வெற்றிலை போடுவதற்கு முன், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் கழுவிவிட்டு அன்றைக்கே டி.டி. ஊசி.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், விடாத இருமல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எது வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "டாக்டர், பூட்டிக் கிடந்த வீட்ல வௌவால் எச்சம் அள்ளுனேன், எலி இருந்த எடம்." எந்தத் தேதியில், எந்த ஊரில் என்பதையும் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களுக்கும் போன் போட்டு, அவர்களுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள்.